குடற்புழு நோயும் ஆய்வகச் சோதனை முறைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் மலச் சோதனையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும் என்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

மலம் என்பது நம் மக்களுக்கு வெறும் சொல் அன்று. பிறர் கழிவைச் சுமக்கும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நம்மவர் தலையில் ஏற்றி வைத்தது சாதிச் சமுதாயம். அதனைத் தடை செய்யும் சட்டம் 1993ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. 2013ஆம் ஆண்டில் அதனினும் வலிய சட்டம் வந்தது. ஆகவே, "மலச் சோதனை செய்து வாருங்கள்" என்று மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதனை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே வீடு திரும்பிவிடும் தாய்மார்களை நாம் அறிவோம். சோதனைக்கு இரத்தம் கொடுக்கத் தயங்காதவர்கள் இதற்குக் கூசுகின்றனர். அந்தக் கூச்சத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை நம் பிள்ளைகளின் இரத்தம். இதனை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சோம்பல் என்னும் பழி

"இவர்களுக்கு வேலை செய்ய உடல் வளையாது, சோம்பேறிகள்" என்னும் பழிச்சொல்லை வயல் வரப்பிலும் ஆலை வாசலிலும் நம் முன்னோர் கேட்டிருக்கின்றனர். இப்பழி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் ஏழை உழவர்களையும் இவ்வாறே இகழ்ந்தனர். 1902ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர், அம்மக்களின் சோர்வுக்குக் காரணம் குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவே என்று எடுத்துக் காட்டினார். செய்தித்தாள்கள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்றே பெயர் சூட்டின. 1909ஆம் ஆண்டில் ராக்ஃபெல்லர் பத்து இலட்சம் டாலர் வழங்க, அங்கே பெரும் ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று.

அதற்கு முன்னரே ஐரோப்பாவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு சுரங்கப் பாதை அமைத்த தொழிலாளர் பலர் வெளிறி, மூச்சிரைத்து, மாண்டனர். 1880ஆம் ஆண்டில் பெரோன்சித்தோ என்னும் இத்தாலிய அறிஞர் அவர்களைக் கொன்றது கொக்கிப்புழுவே என்று கண்டார். புழு குடலில் உள்ளதை அறிய, இறந்தவர் உடலை அறுத்துப் பார்க்கத் தேவையில்லை. உயிரோடிருப்பவரின் மலத்தில் புழுவின் முட்டையைக் கண்டே தெளியலாம் என்பதை அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1878இல், கிராஸி என்பவரும் அவருடைய தோழர்களும் நிறுவியிருந்தனர். இன்று நாம் செய்யும் மலச் சோதனைக்கு அதுவே அடிப்படை.

இவ்வரலாறு நம்மையும் தொட்டு நிற்கிறது. நம் தென் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரில் நம் மக்கள் பெருந்தொகையினர். 1916ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோட்டங்களில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கினர். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் கப்பலேறக் காத்திருந்தோருக்கும் கொக்கிப்புழு மருந்து புகட்டப்பட்டது. 1920களில் சென்னை மாகாணத்திலும் இவ்வியக்கம் நடைபெற்றது. தோட்ட முதலாளிகளின் நாட்டமெல்லாம் தொழிலாளியின் உழைப்பின் மீதே என்பது உண்மை. எனினும், சோர்வு பிறவிக் குணமன்று, அது நோய் என்பதை நுண்ணோக்கி அன்றே மெய்ப்பித்தது.

புழு புகும் வழி

நம் பகுதியில் கருத வேண்டிய குடற்புழுக்கள் சில. நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப் புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, கீரிப்பூச்சி, நூற்புழு, நாடாப்புழு என்பன அவை. உருண்டைப் புழுவின் முட்டையும் சாட்டைப்புழுவின் முட்டையும் மண்ணிலிருந்து கையையும் காய்கறியையும் பற்றி வாய் வழியே புகுவன. கொக்கிப்புழுவின் வழி வேறு.

மண்ணில் விழுந்த மலத்திலுள்ள கொக்கிப்புழு முட்டை, ஈரமும் நிழலும் வெம்மையும் உள்ள இடத்தில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாளில் அப்புழுக்குஞ்சு தோலைத் துளைக்கும் ஆற்றல் பெறும். மண்ணிலேயே மூன்று நான்கு வாரம் காத்திருக்கும். கோடை வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தில் அது காய்ந்து மடியும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வாய்க்கால் கரையும் அதற்கு உகந்த இடங்கள். அங்கே வெறுங்காலுடன் நடப்பவரின் விரலிடுக்கில் அரிப்பு உண்டாகும். சேற்றுப்புண் என்று நாம் கூறுவதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். புழுக்குஞ்சு இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது. 1898ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர் புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தம் கையில் தவறிச் சிந்திக்கொண்டார். அவ்விடம் அரித்தது, சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே முட்டைகள் காணப்பட்டன. தோல் வழியே நோய் புகுவது இவ்வாறுதான் தெரிய வந்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஊர்த் தெருவில் நம்மவர் செருப்பணிந்து நடக்கலாகாது என்று வழக்கம் வைத்திருந்தார்களே, அவ்வழக்கம் மானத்தை மட்டுமா பறித்தது? காலின் வழியே இரத்தத்தையும் பறித்தது. 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பொதுச் சாலைகளும் கிணறுகளும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். செருப்பும் தூய நீரும் கழிப்பறையும் தன்மானத்திற்கு வேண்டுவன போலவே உடல் நலத்திற்கும் வேண்டுவன.

குடலைக் கவ்விய கொக்கிப்புழு ஒன்று, தன் இனத்திற்கேற்ப நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை இரத்தம் இழக்கச் செய்கிறது. சிறிய இனத்துப் புழு நூறு இருப்பினும் நாளைக்கு 3 மில்லிலிட்டர். திங்களுக்கு 90 மில்லிலிட்டர். கஞ்சியும் ரசமும் உண்டு வாழும் தாய் ஒருத்தி இவ்விழப்பை எதனால் ஈடு செய்வாள்? பிள்ளை மண் தின்றால், "மண் தின்றதால் பூச்சி விழுந்தது" என்கிறோம். பல வேளைகளில், இரத்தத்தில் இரும்புச்சத்து குன்றியதே மண் தின்னும் வேட்கைக்குக் காரணம் ஆகிறது.

மாதிரி கொணரும் முறை

சோதனையின் பாதி வெற்றி மாதிரியைக் கொணரும் முறையில் உள்ளது. சிலர் தீப்பெட்டியில் வைத்துக் கொணர்வர். அட்டை ஈரத்தை உறிஞ்சிவிடும். மாதிரி காய்ந்து போகும். மூடியுள்ள, வாயகன்ற, உலர்ந்த புட்டியே தக்கது. பெரிய கோலிக்குண்டு அளவு போதும். சிறுநீரோ மண்ணோ கலத்தல் ஆகாது. மண்ணில் இயல்பாகவே வாழும் புழுக்கள் கலந்து மயக்கம் தரும். விளக்கெண்ணெய் குடித்த பின் எடுத்த மாதிரியும் ஏற்றதன்று. பெயரும் நாளும் நேரமும் எழுதி ஒட்டி, சில மணி நேரத்திற்குள் சேர்ப்பிக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒருநாள் கிடந்தால் கொக்கிப்புழு முட்டைகள் பொரித்துவிடும். அப்போது அவற்றை நூற்புழுவின் குஞ்சு என்று தவறாகக் கருத நேரும். ஒருநாள் சோதனையில் முட்டை காணாவிட்டால் புழு இல்லை என்று முடிவு செய்யலாகாது. வெவ்வேறு நாளில் மும்முறை பார்ப்பது நன்று.

நேரடிச் சோதனை

கண்ணாடித் தகட்டில் ஒரு துளி 0.85 விழுக்காட்டு உப்பு நீர் விட்டு, தீக்குச்சி முனையளவு, ஏறத்தாழ 2 மில்லிகிராம் மலத்தைக் கரைத்து, மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடி, முதலில் நூறு மடங்கும் பின்னர் நானூறு மடங்கும் பெருக்கிப் பார்ப்பது இம்முறை. அருகில் அயோடின் துளியிலும் அவ்வாறே கரைத்துப் பார்த்தால் சீதபேதிக் கிருமியின் உறைகளும் தெளிவாகத் தெரியும். தகட்டின் அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்துகளை மங்கலாகப் படிக்க முடிய வேண்டும். கரைசல் அந்த அளவு மெல்லியதாக இருத்தல் வேண்டும்.

உருண்டைப் புழுவின் முட்டை பழுப்பு நிறமாய், மேலே கரடுமுரடான உறையுடன் தோன்றும். சாட்டைப்புழுவின் முட்டை இரு முனையிலும் அடைப்பு வைத்த பீப்பாயைப் போன்றிருக்கும். கொக்கிப்புழுவின் முட்டை நிறமற்றது. மெல்லிய ஓட்டினுள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு உயிரணுக்கள் திரண்டிருக்கும்.

இம்முறையின் எல்லையை ஒரு கணக்கால் விளக்குவோம். உருண்டைப் புழு ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 2,00,000 முட்டை இடும். ஒருவர் நாளைக்கு 200 கிராம் மலம் கழிப்பதாகக் கொண்டால் கிராமுக்கு 1,000 முட்டை. எனவே 2 மில்லிகிராமில் இரண்டு முட்டை கிடைக்கும்; ஒரு புழு இருந்தாலும் கண்டுபிடிக்கலாம். கொக்கிப்புழு நாளைக்கு 10,000 முட்டை இடுவதாகக் கொள்வோம். கிராமுக்கு 50, 2 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. அதாவது, ஒற்றைப் புழுவின் முட்டையைக் காணப் பத்துத் தகடு பார்க்க வேண்டும். மிகுதியாக நம்மை வாட்டும் புழுவே எளிய சோதனைக்கு எளிதில் தப்புகிறது. ஆகவேதான் செறிவூட்டும் முறைகள் தோன்றின.

உப்புக் கரைசலில் மிதக்கவிடுதல்

1921ஆம் ஆண்டில் வில்லிஸ் என்பவர் கூறிய முறை இது. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தூத்துக்குடி உப்பை, இனிக் கரையாது என்னும் அளவு நீரில் கரைத்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.2 ஆகும். சிறு புட்டியில் ஒரு கிராம் அளவு மலத்தை இக்கரைசலில் கலக்கி, விளிம்பு ததும்ப நிரப்பி, மேலே கண்ணாடித் தகட்டைப் பொருத்தி இருபது முப்பது நிமிடம் வைக்க வேண்டும். கரைசலைவிட இலேசான முட்டைகள் மேலெழுந்து தகட்டில் ஒட்டும். தகட்டை நேராகத் தூக்கித் திருப்பிப் பார்த்தால் கொக்கிப்புழு முட்டைகள் திரளாகக் காணப்படும். ஆனால் கருவுறாத உருண்டைப் புழு முட்டையும் நூற்புழுக் குஞ்சும் மிதவா. நேரம் கடந்தால் மிதந்தவையும் சுருங்கி உருமாறும். இக்குறைகளை உணர்ந்தே இதனைப் பயன்படுத்த வேண்டும்.

பார்மலின்–ஈதர் முறை

1948ஆம் ஆண்டில் ரிச்சி என்பவர் வகுத்த முறை இது. மலத்தைப் பத்து விழுக்காட்டுப் பார்மலினில் கரைத்து, மெல்லிய துணியால் வடிகட்டி, ஈதர் சேர்த்துக் குலுக்கிச் சுழற்றும் இயந்திரத்தில் இட்டால், குழாயில் நான்கு அடுக்குகள் பிரியும். மேலே ஈதரும், அதன் கீழ்க் கொழுப்பும் கழிவும் சேர்ந்த அடைப்பும், அதன் கீழ்ப் பார்மலினும், அடியில் வண்டலும் இருக்கும். முட்டைகள் அவ்வண்டலில் தங்கும். ஈதர் எளிதில் தீப்பற்றுவதால் இன்று எத்தில் அசிட்டேட்டைப் பயன்படுத்துவர். பார்மலின் கிருமிகளைக் கொல்வதால் சோதிப்பவருக்குக் காப்பு; மாதிரியையும் பல நாள் வைத்திருக்கலாம்.

வடிகட்டும் அத்துணியைப் பற்றி ஒரு சொல். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் மருத்துவத் துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. நம் பகுதித் தொழிலாளர் நெய்த துணி தொலைவிலுள்ள ஆய்வகங்களில் பயன்படுகிறது. நம் தெருப் பிள்ளைகளின் மாதிரியோ ஆய்வகத்தை எட்டுவதில்லை. இக்குறை நீங்க வேண்டும்.

எண்ணிப் பார்க்கும் முறைகள்

புழு உண்டா இல்லையா என்பது முதற்கேள்வி. எத்துணை மிகுதி என்பது அடுத்த கேள்வி. 1923ஆம் ஆண்டில் ஸ்டோல் என்பவர் 4 கிராம் மலத்தைக் காரக் கரைசலில் 60 மில்லிலிட்டராகக் கரைத்து, அதில் 0.15 மில்லிலிட்டரை எடுத்து எண்ணி, நூறால் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை முட்டை என்பது தெரியும் என்றார்.

இன்று உலகெங்கும் கையாளப்படுவது கேட்டோ–கட்ஸ் முறை. ஜப்பானியரான கேட்டோ 1954இல் தொடங்கியதைப் பிரேசில் நாட்டுக் கட்ஸ் 1972இல் செப்பம் செய்தார். சல்லடையில் தேய்த்த மலத்தை, துளையிட்ட சிறு அச்சில் நிரப்பினால் 41.7 மில்லிகிராம் அளவு நிற்கும். அதனைத் தகட்டில் வைத்து, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் தாளால் அழுத்திப் பரப்பினால், சிறிது நேரத்தில் அது தெளிந்து முட்டைகள் தோன்றும். எண்ணிய தொகையை 24ஆல் பெருக்கினால் கிராமுக்குரிய தொகை. கொக்கிப்புழுவில் 2,000க்குக் கீழ் இருப்பின் இலேசானது என்றும், 2,000 முதல் 3,999 வரை நடுத்தரம் என்றும், 4,000உம் அதற்கு மேலும் கடுமை என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ளது. ஒரு தகட்டில் 90 முட்டை எண்ணினால் 2,160, நடுத்தரம். இம்முறையில் கவனிக்க வேண்டியது நேரம். கொக்கிப்புழு முட்டையை அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் கிளிசரினில் கரைந்து கண்ணுக்குத் தெரியாது போகும்.

ஏனைய புழுக்கள்

கீரிப்பூச்சி இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். ஆதலின் மலத்தில் அதன் முட்டை அரிதாகவே தென்படும். விடியற்காலையில், பிள்ளையைக் கழுவுமுன், ஒட்டும் நாடாவை ஆசனவாய் ஓரத்தில் ஒற்றித் தகட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டும். 1941ஆம் ஆண்டில் கிரஹாம் கூறிய இம்முறையை வீட்டில் தாயே செய்யலாம்.

நூற்புழு முட்டையாக வெளிவராமல் குஞ்சாகவே வெளிவரும். அதனைக் காண வளர்ப்பு முறைகள் வேண்டும். வடிதாளில் மலத்தைத் தடவிச் சோதனைக் குழாயின் நீரில் நிறுத்திச் சில நாள் வைத்தால் குஞ்சுகள் நீரில் இறங்கும்; இது 1955ஆம் ஆண்டின் ஹராடா–மோரி முறை. நூற்புழு உள்ளவர் மூச்சிரைப்பு முதலியவற்றுக்கு ஸ்டீராய்டு மருந்து உண்டால் புழு உடலெங்கும் பெருகி உயிருக்கே ஊறு நேரலாம். வழக்கமான ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரையும் இதற்குப் போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். புழுவின் இனம் அறிந்து மருந்து கொடுப்பதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

நாடாப்புழுவைக் காட்டி நம் உணவை இழிப்பாரும் உண்டு. உண்மை யாதெனில், குறை இறைச்சியில் இல்லை. வேகாத இறைச்சியில் உள்ளது. மாட்டுக்கும் பன்றிக்கும் அந்நோயைக் கொடுப்பதும் திறந்தவெளியில் கிடக்கும் மனித மலமே. பன்றி நாடாப்புழுவின் முட்டை கையாலும் காய்கறியாலும் நீராலும் வயிற்றை அடைந்தால், மூளையில் கட்டி தோன்றி வலிப்பு வரலாம். அந்நோய் இறைச்சியையே தொடாதவருக்கும் வரும்.

மாத்திரை நாள் போதுமா?

2015ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில், ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளோருக்குச் சோதனை இன்றியே அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கின்றனர். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம். அதற்குக் குறைந்த குழந்தைக்கு அதில் பாதி. நம் பிள்ளை ஒன்றுகூட இதில் விடுபடலாகாது. ஆயினும், நாற்பது வயதில் தோப்பில் களையெடுக்கும் தாய்க்கும், சாக்கடையில் இறங்கும் தூய்மைப் பணியாளருக்கும் இந்த நாளில் மாத்திரை இல்லை. அவர்களுக்கு இரத்தச் சோகை இருப்பின் மலச் சோதனை கேட்டுப் பெறுதல் வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் திமிரியிலும் சவ்வாது மலையிலும் நடத்திய பேராய்வில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை தருவதோடு, ஊரார் அனைவருக்கும் தருவதை ஒப்பிட்டு நோக்கினர். புழுவின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையும் அதில் பயன்பட்டது. அங்கே மிகுதியாகக் கண்டது கொக்கிப்புழுவே.

ஒழிக்க முடியுமா என்று ஐயுற வேண்டா. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஊருணிகளும் படிக்கிணறுகளும் பரப்பிய நரம்புச் சிலந்தி நோயை முதியோர் அறிவர். குடிநீரைக் காத்ததனால், இந்தியாவில் 1996ஆம் ஆண்டோடு அந்நோய் நின்றது. 2000ஆம் ஆண்டில் நாடு அதனின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது.

இளைஞர் செய்ய வேண்டுவன

இளைஞர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம்.

ஒன்று, வெளிறிய முகத்தோடு நடமாடும் தாயையும் தங்கையையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, இரத்தச் சோதனையோடு மலச் சோதனையும் செய்வியுங்கள். சத்து மருந்துப் புட்டி வாங்கிக் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் நீர் ஊற்றியதாகவே அது முடியும்.

இரண்டு, நம் தெருவுக்குக் கழிப்பறையும் நீரும் வடிகாலும் கேட்டு மனு எழுதுங்கள். செருப்பின்றி யாரும் வயலுக்கோ தோப்புக்கோ செல்லாதவாறு பாருங்கள். மருந்து புழுவைக் கொல்லும். மண்ணில் முட்டை விழாதபடி தடுப்பது கழிப்பறையே.

மூன்று, பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படிப்போர் ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பை நாடுங்கள். நம் மாவட்டத் தலைநகரான விருதுநகரிலேயே 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சித்த மருத்துவராய் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் வழியில் வந்த நமக்கு மருத்துவ அறிவு புதிதன்று. எந்தப் பொருளைச் சுமக்கச் செய்து நம்மை இழிவுபடுத்தினார்களோ, அதே பொருளைக் கையுறை அணிந்து, நுண்ணோக்கியின் முன் அமர்ந்து ஆராய்ந்து, "இதுதான் நோய்; இதற்கு இதுதான் மருந்து" என்று சொல்லும் இடத்தில் நம் மகளோ மகனோ அமர வேண்டும். அந்த நாற்காலிக்கு அழைத்துச் செல்வது கல்வியே. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் செய்துவரும் பணியும் அதுவே.

இச்சங்கம் பொன்விழாக் காணும்போது, நம் தெருவில் இரத்தச் சோகையால் வாடும் தாய் ஒருத்தியும் இருத்தலாகாது என்னும் உறுதியை இன்று ஏற்போமாக.